பொறிவண்டை வரவழைத்துப் படமெடுப்பது: மாடித்தோட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

பொறிவண்டைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "செடியில் அசுவினி இருக்கிறதா?" என்று. செடியின் சாற்றைக் குடிக்கும் இந்தச் சிறு பூச்சிதான் பொறிவண்டின் இரை. இரை இல்லாத இடத்தில் பொறிவண்டு தங்காது. வழியில் போகிற ஒன்றிரண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் பறந்துபோகும், அவ்வளவுதான். முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு பருவத்தையும் வீட்டு மாடியிலேயே பார்த்துப் படமெடுக்க வேண்டுமானால் தோட்ட வேலை முதலில், கேமரா வேலை கடைசியில். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

தமிழ்நாட்டுச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழியிலிருந்து மாசி வரை இதற்கு நல்ல காலம். அவரையிலும் தட்டைப்பயறிலும் அசுவினி பெருகுவது அப்போதுதான். கோடை உச்சியில் தொடங்கினால் பாதிப் பேர் சலித்து விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கைப்பிடி தட்டைப்பயறு விதை, நான்கைந்து பழைய தொட்டி அல்லது க்ரோ பேக், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. படமெடுக்க: பார்சலில் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், துணி மாட்டும் க்ளிப், மூங்கில் குச்சி. கேமரா எதுவாக இருந்தாலும் சரி. கைலென்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். படமெடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துப் பழக அதுதான் உதவும்.

1. முதலில் புழுவை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாருக்கும் வண்டைத் தெரியும், புழுவைத் தெரியாது. தோட்டத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. புழு நீளமாக, கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், உடம்பில் மஞ்சளோ வெள்ளையோ திட்டுகளோடு, ஆறு கால்களில் வேகமாக ஓடும். பார்க்க ஒரு குட்டி முதலை மாதிரி இருக்கும். "ஏதோ புதுப் பூச்சி செடியைத் தின்கிறது" என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். வண்டைவிடப் பசி அதிகம் உள்ளது வளர்ந்த புழுவுக்குத்தான்.

முட்டைகள் மஞ்சள் நிறத்தில், நீள்வட்டமாக, இலையின் அடியில் செங்குத்தாகக் கொத்தாக நிற்கும். அசுவினிக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். கூட்டுப்புழு இலையிலோ தண்டிலோ வாலை ஒட்டிக்கொண்டு குனிந்திருக்கும். தொட்டால் வெடுக்கென்று நிமிரும். அது செத்த பூச்சி என்று இலையோடு கிள்ளி எறிபவர்களும் உண்டு.

மாவுப்பூச்சி உள்ள செம்பருத்தியில் இன்னும் கவனமாக இருங்கள். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். பார்த்தவுடன் பெரிய மாவுப்பூச்சி என்றே தோன்றும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மாவுப்பூச்சி ஏறக்குறைய அசையாது, இது நடந்துகொண்டே இருக்கும். இழைகளும் நீளமாக, ஒழுங்கில்லாமல் தொங்கும். செம்பருத்தியைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போது அதிகம் சாவது இந்தப் புழுதான்.

வளர்ந்த வண்டுகளில் நம் பக்கம் அதிகம் தென்படுவது இரண்டு. கெய்லோமினஸ் செக்ஸ்மாகுலேட்டா என்பது நான்கைந்து மில்லிமீட்டர் நீளத்தில், மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த முதுகில் நெளிநெளியான கறுப்புக் கோடுகளோடு இருக்கும். காக்சினெல்லா டிரான்ஸ்வெர்சாலிஸ் சற்றுப் பெரியது, ஆரஞ்சுச் சிவப்பு, முதுகின் நடுவே நேராக ஒரு கறுப்புக் கோடு ஓடும். ஒரே இனத்திலேயே நிறமும் கோடும் மாறும், அதனால் புள்ளியை எண்ணி இனத்தை முடிவு செய்யாதீர்கள்.

2. கத்தரியில் இருப்பதைத் தனியே பாருங்கள்

எல்லாப் பொறிவண்டும் செடிக்கு நண்பன் இல்லை. கத்தரி, தக்காளி இலைகளைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டும் இதே குடும்பம்தான். இதைத் தெரியாமல் "பொறிவண்டு வந்துவிட்டது" என்று மகிழ்ந்து, கத்தரியை முழுதாக இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிரித்தறிவது எளிது. எபிலாக்னாவின் முதுகில் பளபளப்பு இருக்காது. மிக நுண்ணிய ரோமம் மூடியிருப்பதால் மங்கலாகத் தெரியும். செம்பழுப்பு நிறம், இருபதுக்கு மேல் சிறு புள்ளிகள். புழு மஞ்சளாக, உடம்பெங்கும் கிளைவிட்ட முட்களோடு, அதிகம் நகராமல் இலையிலேயே ஒட்டிக் கிடக்கும். அது இருக்கும் இலையில் பச்சை போய் நரம்பும் சவ்வும்தான் மிச்சம் இருக்கும். முட்டைக் கொத்து மட்டும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று போலவே தோன்றும். அதனால் பக்கத்தில் அசுவினி இருக்கிறதா, இலை சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எபிலாக்னாவைக் கையால் பொறுக்கினாலே போதும். அதற்காக மருந்து அடித்தால் பக்கத்துச் செடியில் இருக்கும் நல்ல வண்டும் சேர்ந்து போகும்.

பூசணி, சுரை இலையில் சாம்பல் நோய் வந்திருந்தால், புள்ளியே இல்லாத எலுமிச்சை மஞ்சள் வண்டு ஒன்றைப் பார்க்கலாம். தலைக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பகுதியில் மட்டும் இரண்டு கறுப்புப் பொட்டு இருக்கும். அது இல்லெய்ஸ். தின்பது அந்தச் சாம்பல் பூசணத்தைத்தான், இலையை அல்ல. விட்டுவிடுங்கள்.

3. மருந்தை நிறுத்துங்கள், "இயற்கை" மருந்தையும்தான்

இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவும் மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்துவிடும். அந்தச் சாற்றைக் குடித்த அசுவினியைத் தின்னும் புழுவும் பாதிக்கப்படும். நர்சரியில் வாங்கிய செடியில் இது ஏற்கெனவே இருக்கலாம். எனவே இரைச் செடியை விதையிலிருந்து நீங்களே வளர்ப்பது நல்லது.

வேப்பெண்ணெயில் ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் நிறைய. வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சி தோலுரிப்பதைக் குலைக்கிறது. பொறிவண்டின் புழுவும் தோலுரித்துத்தான் வளர்கிறது. சோப்புக் கரைசலும் மேலே பட்ட புழுவைக் கொல்லும். வேறு செடிக்குத் தெளித்தே ஆக வேண்டுமென்றால் மாலையில், பாதித்த கிளைக்கு மட்டும், இலையின் அடியைப் புரட்டிப் பார்த்த பிறகு தெளியுங்கள். இரைச் செடிப் பக்கம் எதுவும் வேண்டாம்.

மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வெள்ளை ஈயைப் பிடிக்க வைத்த அட்டையில் பொறிவண்டும் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் விதை போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே செய்துவிட்டால், அசுவினி வரும்போது மருந்தின் மிச்சம் குறைந்திருக்கும்.

4. இரைச் செடியை ஒதுக்குங்கள்

நான்கைந்து தொட்டியில் தட்டைப்பயறு போடுங்கள். இதில் வரும் கறுப்பு அசுவினிக்கு இளங்கொடி நுனியும் பிஞ்சும் மிகப் பிடிக்கும். பருத்தி வயலின் ஓரத்தில் தட்டைப்பயறு போடச் சொல்வதற்கும் இதுவே காரணம். பூக்காம்பருகே கசியும் இனிப்புத் திரவம் வண்டுகளுக்குக் கூடுதல் தீனி.

ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் விதைக்காதீர்கள். பத்து நாள் இடைவெளியில் போடுங்கள். ஒரு செடி முற்றி அசுவினி குறையும்போது அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நன்றாக வளர்ந்த வண்டு பறந்துவிடும், பாதி வளர்ந்த புழு பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் புழு பக்கத்துப் புழுவைத் தின்னும்.

இந்தச் செடிகளைப் படமெடுக்க வசதியான இடத்தில் வையுங்கள்: காலை வெயில் படும் ஓரம், மூன்று பக்கமும் சுற்றி வர இடம், பின்னால் ஓரடி தள்ளி வேறு பச்சைச் செடி. பின்னணி பிறகு தானாக அமையும்.

அசுவினி வந்தவுடன் பதறுவது புதியவர்களுக்கு இயல்பு. இந்தத் தொட்டிகள் காய்க்காக அல்ல என்று முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். இலையில் பிசுபிசுப்பு வரும், அதன்மேல் கரும்பூசணம் படரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

5. எறும்பைத் தள்ளி வையுங்கள்

அசுவினி வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும், முட்டையைத் தூக்கிக்கொண்டும் போகும். "அசுவினி நிறைய இருக்கிறது, வண்டு வரவில்லை" என்று சொல்பவர்களின் செடியில் பெரும்பாலும் எறும்பு வரிசை இருக்கும்.

தொட்டியை ஸ்டாண்டில் ஏற்றி, கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் கொசு முட்டையிடாது. இலையோ கொடியோ சுவரைத் தொடக் கூடாது. ஒரு கொடி தொட்டால் போதும், எறும்பு அதை வழியாக்கிக்கொள்ளும். எறும்புப் பொடியைத் தொட்டியில் தூவாதீர்கள், புழு கீழே இறங்கும்போது அதில் மாட்டும்.

6. பூவும் தண்ணீரும்

கொத்தமல்லி, சோம்பு இரண்டையும் கொஞ்சம் பூக்க விடுங்கள். இவற்றின் சின்னப் பூக்களில் தேனும் மகரந்தமும் பொறிவண்டின் குட்டை வாய்க்கு எட்டும். இரை குறைந்த நாட்களில் வண்டு இதை நம்பித்தான் இருக்கும். காலையில் இலைகள்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் குடிக்க வரும். அழுத்தமாகப் பீய்ச்சாதீர்கள், அசுவினியும் முட்டையும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும்.

7. காத்திருப்பு, வராவிட்டால் செய்ய வேண்டியது

அசுவினி நன்றாகப் பெருகிய பிறகே வண்டு முட்டையிடும். நம் வெப்பநிலையில் முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும், புழு ஒரு வாரம் பத்து நாள் வளரும், கூட்டுப்புழு நான்கைந்து நாள். மொத்தம் இரண்டு முதல் மூன்று வாரம். இந்த நாட்களில் தினமும் ஒரே நேரத்தில் கைலென்ஸோடு இலையின் அடியைப் பாருங்கள். பழுப்பாக உப்பிப்போன அசுவினிகள் தென்பட்டால் ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். அவற்றையும் விட்டுவிடுங்கள்.

பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லையா? சாலையோர எருக்கஞ்செடியைப் பாருங்கள். மஞ்சள் அசுவினி அப்பிய எருக்கில் பொறிவண்டுப் புழு பல நேரம் கிடைக்கும். கொண்டுவருவதானால் புழுவைக் கொண்டுவாருங்கள். வண்டைக் கொண்டுவந்து விட்டால் மறுநாள் இருக்காது, புழுவுக்குச் சிறகில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பியில் வையுங்கள், ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தின்னும். மாலையில், அசுவினி உள்ள தண்டின் அடியில் விட்டால் தானாக மேலே ஏறும்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. கிளையை ஒடிக்காதீர்கள். குனிந்து படமெடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மாவுப்பூச்சிக்கான கிரிப்டோலேமஸ் வண்டை உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் வளர்த்து விற்கின்றன. செம்பருத்தி நிறைய உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. வாங்குவதற்கு முன்பே எறும்பைத் தடுத்திருக்க வேண்டும்.

8. கருவி: இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்

மொபைலில் க்ளிப் மேக்ரோ லென்ஸ் மாட்டினால் முட்டைக் கொத்தும் கூட்டுப்புழுவும் நன்றாக வரும், அவை ஓடாதவை. ஆனால் பூச்சிக்கு மிக நெருங்க வேண்டியிருப்பதால் மொபைலின் நிழலே அதன்மேல் விழும். வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து வரவிடுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு 100 மில்லிமீட்டர் மேக்ரோ வசதியானது. முழு உருப்பெருக்கத்திலும் லென்ஸ் முனைக்கும் வண்டுக்கும் நடுவே அரைச் சாணுக்குச் சற்று அதிகமான தூரம் கிடைக்கும். அந்தத் தூரம் இருந்தால் வண்டு பயப்படாது, ஃப்ளாஷ் வெளிச்சம் உள்ளே நுழையவும் இடம் இருக்கும். பணம் குறைவென்றால், அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையம் உள்ள பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் ரிவர்ஸ் ரிங் போதும். அதில் வளையத்தைக் கையால் திருக வேண்டும், அவ்வளவுதான்.

9. வெளிச்சம்: ஃபோகஸுக்கு முன் இதைச் சரிசெய்யுங்கள்

பொறிவண்டின் முதுகு மெருகிட்ட வளைவு. எதிரே என்ன வெளிச்சம் இருக்கிறதோ அது அப்படியே அதில் தெரியும். வெறும் ஃப்ளாஷ் அடித்தால் நடுவே வெளிறிய ஒரு பொட்டு விழும், அந்த இடத்தில் சிவப்பும் கோடும் காணாமல் போகும். பிறகு எந்தச் செயலியாலும் அதை மீட்க முடியாது.

ஃபோம் தாளை இரண்டு மடிப்பாக்கி, ஃப்ளாஷுக்கும் வண்டுக்கும் நடுவே பிடியுங்கள். ஃப்ளாஷிலிருந்து எவ்வளவு தள்ளி, வண்டுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு மென்மை. பலர் இந்த டிஃப்யூசரை (ஒளியைப் பரப்பும் தாளை) ஃப்ளாஷ் முகத்திலேயே ஒட்டிவிடுகிறார்கள். ஒளி விழும் பரப்பு பெரிதாகாததால் அந்தப் பொட்டு அப்படியே நிற்கும்.

தொடக்கத்துக்கு: மேனுவல் முறை, அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது 11, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் பதினாறில் ஒரு பங்கு. அங்கிருந்து ஃப்ளாஷை மட்டும் கூட்டிக் குறையுங்கள். பின்னணி கறுப்பாகப் போனால் ஃப்ளாஷ் அங்கே எட்டவில்லை என்று பொருள். ஒரு பச்சை இலையைப் பின்னால் கிட்டே கொண்டுவாருங்கள், அல்லது ஐஎஸ்ஓவைக் கூட்டுங்கள்.

10. ஃபோகஸ்: கண் எது என்று முதலில் தெரியட்டும்

தலைக்குப் பின்னால் முன்மார்பின் இரு ஓரங்களிலும் வெள்ளைத் திட்டு இருக்கும். புதியவர்கள் அதைத்தான் கண் என்று நினைத்துக் கூர்மையாக்குகிறார்கள். உண்மையான கண்கள் அதற்கு முன்னால், தலையின் இரு பக்கமும் சிறிய கறுப்பு மணிகளாக இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இந்தத் தவறு தெரியும், அதற்குள் வண்டு போயிருக்கும்.

உயிரளவில் (வண்டு கேமரா சென்சாரில் தன் நிஜ அளவிலேயே விழும்போது), எஃப் 8 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் 1 மில்லிமீட்டர்தான். வண்டின் நீளமோ ஐந்து. அதனால் எதைக் கூர்மையாக்குவது என்று நீங்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும். பக்கவாட்டில் எடுக்கும்போது கேமராவை வண்டின் உடம்புக்கு இணையாகப் பிடித்தால் அதே ஆழத்தில் அதிகப் பகுதி சேரும். எஃப் 16, 22 என்று மூடிக்கொண்டே போனால் ஒளி சிதறி முழுப் படமும் மழுங்கும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். தேவையான உருப்பெருக்கத்தில் வளையத்தை நிறுத்தி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். காற்றடித்தால் தண்டை மூங்கில் குச்சியோடு துணி க்ளிப்பால் பிடித்துவிடுங்கள். முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள்.

11. நேரமும் தருணமும்

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் செடியருகே இருங்கள். குளிரில் வண்டு மெதுவாக நகரும். வெயில் ஏறியபின் ஓட்டம் அதிகம், உச்சியில் இலையடியில் ஒளிந்துவிடும். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், மெல்ல அணுகுங்கள். மிரண்டால் காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று விழும், அதனால் செடிக்கடியில் ஒரு வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். கையில் பிடித்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் திரவம் கசியும். அது பயத்தில் வெளிவிடும் கசப்பான நீர், வண்டுக்கு இழப்பு. பிடிக்காமல் எடுப்பதே நல்லது. அசையாமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைப்பதும் ஒட்டுவதும் கூடவே கூடாது.

பறக்கும் படம் வேண்டுமா? பொறிவண்டு மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது. ஒரு குச்சியை நிமிர்த்து வைத்தால் நுனிவரை ஏறும், சுற்றிப் பார்க்கும், பிறகு மேல்சிறகை விரிக்கும். நுனியில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். ஃப்ளாஷ் இல்லாமல் நல்ல வெயிலில் 1/2000க்கு மேல் வையுங்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது, கூட்டிலிருந்து வண்டு வெளிவரும் நேரம். தோல் முதுகில் பிளக்கும், வெளிறிய மஞ்சள் வண்டு ஒன்று தள்ளிக்கொண்டு வெளியே வரும். முதுகில் கோடோ புள்ளியோ இருக்காது. உள்சிறகுகள் நனைந்த கண்ணாடித்தாளாக மேல்சிறகுக்கு வெளியே நீண்டு கிடக்கும், உலர்ந்த பின்தான் மடங்கும். அடுத்த சில மணி நேரத்தில் கோடுகள் மங்கலாகத் தோன்றி மெல்லக் கறுக்கும். ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, கால் மணிக்கு ஒரு படம் என்று நிறம் ஏறும்வரை எடுங்கள். இந்த நேரத்தில் மேல்சிறகு மிக மென்மையானது. இலையைக் கிள்ளவோ திருப்பவோ வேண்டாம்.

12. எடுத்தபின்: இனம் தெரிய என்ன படம் வேண்டும்

அழகான ஒரு கோணம் மட்டும் போதாது. நேர்மேலிருந்து ஒன்று, தலையும் முன்மார்பும் தெரிய முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒன்று எடுத்தால் அளவு தெரியும். எந்தச் செடி, எந்த இரை, என்ன தேதி என்று குறித்து வையுங்கள். இரை தெரிந்தால் சாத்தியமான இனங்கள் பாதியாகக் குறையும்.

உயிரினப் படங்களைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் பூச்சியியலாளர் ஜெ. பூரணி இந்தியத் துணைக்கண்டப் பொறிவண்டுகளை வகைப்படுத்தியவர். அவர் இணையத்தில் வைத்திருக்கும் படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்பு, பழுப்புச் சிறு வண்டுகள் பலவற்றை உடலுறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் இனம் சொல்ல முடியும். அவற்றுக்குப் பேரினத்தோடோ குழுவோடோ நிறுத்திக்கொள்ளுங்கள்.